நாய்க்கும் கல் நட்ட மண்

சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து நிறைந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு கல் நடுவது என்று பேச்சு வந்தது. செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஊர். நாட்டுக்காக உயிர் விட்ட ஊர்க்காரர்களின் பெயரைப் பொறித்துப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவது என்று திட்டம். செலவுக்கு ஆள் இருந்தது, பெயருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நான் எழுந்து என் பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். 1944 பிப்ரவரியில் பர்மாவில், அரக்கான் காட்டில் செத்துப் போனவர் என்றேன்.

"அது யார் பட்டாளம் சார்?" என்று கேட்டார் ஒருவர். என்னைவிடப் பத்து வயது சிறியவர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படிப்பவர், எனக்கு வேண்டியவரும்கூட. "வெள்ளைக்காரன் சம்பளத்துக்குப் போனவர் எப்படி சார் தியாகி ஆவார்? நேதாஜி படையில செத்திருந்தா முதல் பேராவே போடலாம். இவங்கல்லாம் கூலிப்படைதானே?"

கூட்டம் தலையை ஆட்டியது. எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குனிந்து எழுதியே பழகியவன், எழுந்து பேசிப் பழகவில்லை. கடைசியில் அந்தக் கல்லும் வரவில்லை, அது வேறு கதை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். வாத்தியாரும் இதைப் படிப்பார் என்று தெரியும்.

முதலில், அந்தச் சண்டை என்ன சண்டை என்று சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாது. பானிபட் யுத்தம் மூன்றையும் வருஷத்தோடு ஒப்பிக்கிற நமக்கு, இதன் பெயர்கூடப் பாடப் புத்தகத்தில் வந்ததில்லை.

வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில் அரக்கான். இப்போது ராக்கைன் என்கிறார்கள். 2017-ல் ரோஹிங்கியா ஜனங்கள் லட்சக்கணக்கில் ஓடி வந்தார்களே, அந்த மவுங்டாவ், புத்திடவுங் பகுதிதான். கடலுக்கு இணையாக மாயூ என்று ஒரு மலைத்தொடர். உயரம் பெரிதில்லை, இரண்டாயிரம் அடி சொச்சம். ஆனால் உச்சி வரைக்கும் காடு. மூங்கிலும் கொடியும் பின்னிக் கிடந்து பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத காடு. மலைக்கு மேற்கே இந்திய ராணுவத்தின் 5-வது டிவிஷன், கிழக்கே 7-வது டிவிஷன். இரண்டையும் இணைக்க மலை மேல் ஒரே ஒரு பாதை, ங்காகிடாவுக் கணவாய். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் 'ஓகேடோக்' என்று கூப்பிட்டார்களாம். அதைக் கழுதைத் தடமாக இருந்ததிலிருந்து லாரியும் டாங்கியும் போகிற ரோடாக வெட்டியவர்கள் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர்கள்.

கணவாயின் கிழக்கு அடிவாரத்தில் சின்ஸ்வேயா என்று ஒரு இடம். அறுவடை முடிந்து காய்ந்த வயல், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சுற்றிலும் காடு மூடிய குன்றுகள். 7-வது டிவிஷனின் சாமான் கிடங்கு அங்கேதான். அரிசி, பெட்ரோல், குண்டு, கோவேறு கழுதைக் கொட்டில், ஆஸ்பத்திரி எல்லாம். அதனால் அந்த இடத்துக்கு அட்மின் பாக்ஸ் என்றே பெயர். தமிழில் சொன்னால் நிர்வாகப் பெட்டி. சண்டைக்காரர்கள் இருக்கிற இடமே கிடையாது. குமாஸ்தா, சமையற்காரர், டிரைவர், கழுதைக்காரர், ஸ்டோர் கீப்பர் இவர்கள் இருக்கிற இடம். என் பெரியப்பா லாரி டிரைவர்.

1944 பிப்ரவரி முதல் வாரம் ஜப்பான்காரர்கள் காட்டுக்குள் புகுந்து, வடக்கே சுற்றி வளைத்து, முதுகுப் பக்கமாக வந்து விழுந்தார்கள். 6-ஆம் தேதி விடியலில் டிவிஷன் தலைமையகமே போய்விட்டது. ஜெனரல் மெஸ்ஸர்வி காட்டு வழியாக நடந்து தப்பி இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தார். கணவாயும் அடைபட்டது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமாக ஜப்பான் படைக்கு இது வழக்கமான ஆட்டம். பின்னால் வந்து ரோட்டை அறுத்தால் பிரிட்டிஷ் படை பின்வாங்கும். மலேயாவிலும் பர்மாவிலும் அப்படித்தான் நடந்தது. இந்தத் தடவை உத்தரவு வேறு. யாரும் நகரக் கூடாது, இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சண்டை போடு, சோறும் குண்டும் ஆகாயத்திலிருந்து வரும் என்றார்கள்.

வந்தது. டக்கோட்டா விமானங்கள் ஏழுநூறு நடைக்கு மேல் போய், சுமார் 2,300 டன் சாமானை அந்தக் குன்றுகளுக்கு நடுவே பாராசூட்டில் இறக்கின. கீழே குமாஸ்தாக்கள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பள்ளத்தில் உட்கார்ந்தார்கள். ராத்திரிக்கு ராத்திரி காட்டுக்குள்ளிருந்து தாக்குதல். டாங்கிப் படையும் கொஞ்சம் காலாட்படையும் கூட இருந்தது உண்மைதான். ஆனால் சுற்றுக்கட்டு முழுக்கக் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கெழுதிகளும் வண்டியோட்டிகளும்தான். 7-ஆம் தேதி ராத்திரி ஆஸ்பத்திரி ஜப்பான்காரர் கையில் விழுந்தது. டாக்டர்களையும், படுக்கையில் கிடந்தவர்களையும் கொன்றார்கள், முப்பது பேருக்கு மேல். பிறகு ஆயுதக் கிடங்கில் தீப்பிடித்தது. இப்படி இரண்டரை வாரத்துக்கு மேல்.

கடைசியில் பட்டினி கிடந்தது ஜப்பான் படைதான். ஒரு வாரச் சோற்றைக் கட்டிக்கொண்டு, மிச்சத்துக்கு இந்தக் கிடங்கைப் பிடித்துச் சாப்பிடலாம் என்று வந்தவர்கள். கிடங்கு கிடைக்கவில்லை. 23-ஆம் தேதி வாக்கில் கணவாய் திறந்தது. அந்த மாதச் சண்டையில் நம் பக்கம் செத்ததும் காயம்பட்டதும் சுமார் 3,500 பேர். அவர்கள் பக்கம் 5,000-க்கு மேல். ஜப்பான் ராணுவத்தின் பெரிய தாக்குதல் ஒன்றை இந்திய-பிரிட்டிஷ் படை நின்று தாங்கி முறியடித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதமே இம்பால், கோஹிமா வந்துவிட்டது. பெரிய சண்டை வந்து சின்னதை மூடிவிட்டது. அந்தப் படையை 'மறக்கப்பட்ட படை' என்று வெள்ளைக்காரர்களே பரிதாபமாகச் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்காவது புத்தகம் இருக்கிறது, படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஸ்லிம்மே ஒன்று எழுதியிருக்கிறார். மறக்கப்பட்டதிலும் மறக்கப்பட்டவர் எங்கள் ஊர் லாரி டிரைவர்.

இனி வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன்.

சம்பளத்துக்குப் போனார் என்பது உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. செங்கல்பட்டில் பஸ்ஸில் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் மதராஸே காலியானதே, அப்போது ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஜனங்கள் நம் பக்கம் வந்து விழுந்தார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாதம் ஒரு குடும்பம் இருந்ததாம். பெட்ரோல் இல்லை, பஸ் ஓடவில்லை, வேலை போனது. டிரைவிங் தெரிந்தவனுக்குப் பட்டாளத்தில் உடனே வேலை. தாத்தா அதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் ஆயாவும், இரண்டு தம்பிகளும், அடமானத்தில் ஒன்றரை ஏக்கரும். பெரியப்பாவுக்கு வயது இருபத்திரண்டு. மணியார்டர் மாதம் தவறாமல் வந்தது என்று ஆயா சொல்லும். அந்தப் பணத்தில்தான் அடமானம் மீண்டது. அந்த நிலத்தில் விளைந்ததைத்தான் நான் சாப்பிட்டு வளர்ந்தேன்.

இது கூலியா? கூலிதான். ஆனால் ஐயா, கூலி வாங்காமல் எந்த ராஜா எந்தக் காலத்தில் எவனைச் சண்டைக்குக் கூட்டிப் போனான்?

செங்கம் பக்கம் நடுகற்கள் நிறையக் கிடைத்திருப்பது வாத்தியாருக்கே தெரியும். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது? இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னாரின் சேவகன் இன்னான், மாடு பிடிக்கப் போன இடத்தில், அல்லது மீட்கப் போன இடத்தில் பட்டான். அவ்வளவுதான். மாடு பிடிக்கப் போனது தர்மமா, அந்தச் சிற்றரசன் யோக்கியனா, அவன் யாருக்கு அடங்கிக் கப்பம் கட்டினான் என்று கல் நட்ட ஊர்க்காரன் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. நம்ம ஊர்ப் பையன், போனான், வரவில்லை, பெயரை வெட்டு. எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய்க்கும் இடம் உண்டு. மகேந்திரவர்மன் காலம். எஜமான் செத்த இடத்தில் இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்ற நாய். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே மகேந்திரன் காலத்துக் குகைகள் நமக்குப் பக்கத்தில் வல்லத்தில் இருக்கின்றன. ஆக இது நம்ம மண்ணின் வழக்கம். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் நாய்க்குக் கிடைத்த கல், 1944-ல் செத்த மனுஷனுக்குக் கிடையாது என்றால் யாருடைய அளவுகோலால் அளக்கிறோம்?

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே அரை மணி நேரம். உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு. மேல் கல்லில் கொடியும் மண்டையோடும் கப்பலுமாக என்ன ஒரு வேலைப்பாடு, பெயர், பிறந்த தேதி, செத்த தேதி எல்லாம் துல்லியம். தொல்லியல் துறை வேலி போட்டுப் பூட்டுப் போட்டுக் காக்கிறது. காக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. துணி வாங்கி விற்க வந்த வியாபாரிகள், அவர்களும் எங்கேயோ ஒரு தாய்க்குப் பிள்ளைகள். ஆனால் நம் கரையில் லாபம் பார்க்க வந்தவனின் பெயரைக் கம்பி வேலிக்குள் காப்போம், அந்தக் கரைக்கு எதிர்க்கரையில் செத்த நம்ம ஆளின் பெயரைச் சொன்னால் 'யார் பட்டாளம்' என்று கேட்போம். எனக்கு இது விளங்கவில்லை.

வாத்தியார் சொன்னதில் கனமான பக்கமும் இருக்கிறது. அதை ஏய்த்துவிட்டுப் போக மாட்டேன். பெரியப்பா சேர்ந்த அதே 1942-ல்தான் 'வெள்ளையனே வெளியேறு'. அந்த சர்க்காரின் பட்டாளம் நம் ஜனங்கள் மீதே சுட்டது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சத்தில் லட்சம் லட்சமாகச் செத்தபோது அந்த சர்க்கார் செய்ததும் செய்யாததும் உலகம் அறிந்தது. அரக்கானிலேயே எதிர்ப் பக்கத்தில் ஜப்பான்காரர்களோடு ஐ.என்.ஏ.வின் சிறு குழு ஒன்றும் இருந்தது. அந்தப் பக்கமும் நம்ம ஆள், இந்தப் பக்கமும் நம்ம ஆள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்த மலேயாத் தோட்டத் தமிழர்கள் முன்னால் நான் இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடுவேன். அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். என் சண்டை அதற்கில்லை.

ஆனால் ஜப்பான் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். அந்தமானைப் பாருங்கள், 1942 மார்ச்சிலிருந்து அவர்கள் கையில்தான் இருந்தது. 1944 ஜனவரி 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லி வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அதில் இந்திய சுதந்திர லீகில் இருந்தவர்களே உண்டு. அது நடந்து ஒரு வாரம்தான், சின்ஸ்வேயா வளைக்கப்பட்டது. சயாம் ரயில் பாதையில் செத்த தமிழ்க் கூலிகளின் எண்ணிக்கை பல்லாயிரம். மாமல்லபுரத்துக் கரையில் அந்தப் படை வந்து இறங்கவில்லை என்பதற்குக் காரணம் கடவுள் மட்டும்தானா? எங்கள் ஆயா அப்படித்தான் நம்பியது. ஆனால் ஆயாவின் மூத்த பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மைச் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முதலில் சொன்னவன் வெள்ளைக்காரன். ராபர்ட்ஸ் என்ற பிரபு, மதராஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர், மதராஸிகள் போருக்கு ஆகமாட்டார்கள் என்று எழுதிவைத்தார். 'போர் இனம்' என்று வடக்கே சிலரைப் பட்டியல் போட்டு, நம்மைக் கழித்துக்கட்டி, கடைசியில் 1920-களில் மதராஸ் ரெஜிமெண்டையே கலைத்தார்கள். 1942 வாக்கில் ஆள் போதவில்லை என்றதும் அதே ரெஜிமெண்டை மறுபடி கிளப்பினார்கள். சின்ஸ்வேயாவில் குன்றைக் காத்தவர்கள் எந்தப் போர் இனம்? லெட்ஜர் எழுதியவர்களும் கழுதை மேய்த்தவர்களும். அதே 1944 பிப்ரவரியில் இத்தாலியில் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ், கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 'சண்டைக்கு ஆகாதவன்' என்று அவன் அன்றைக்குச் சொன்னான், 'கூலிப்படை' என்று நாம் இன்றைக்குச் சொல்கிறோம். இரண்டிலும் அடிபடுகிறவன் ஒரே ஆள்.

சுதந்திர இந்தியா இவர்களைக் கைகழுவவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அதே ரெஜிமெண்டுகள்தான் இன்றைய நம் ராணுவம். அரக்கான் காட்டில் பட்டாலியன் நடத்திய திம்மையாதான் பிறகு நம் தரைப்படைத் தளபதி. உலகப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் கமிஷனில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு, பங்குப் பணம் கொடுக்கிறது. மீனம்பாக்கம் போகிற வழியில், பூந்தமல்லி ரோடு பிரியும் பக்கம், நந்தம்பாக்கத்தில் அந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூ வைத்து, அத்தனை அமைதி. டில்லிக்கு வராத வெட்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் ஏன் வருகிறது?

பெரியப்பாவின் உடல் கிடைக்கவில்லை. 'காணவில்லை' என்று முதலில் ஒரு தந்தி, பல மாதம் கழித்து 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று ஒரு காகிதம். பிறகு ஆயாவுக்குச் சிறு பென்ஷன். 1961-ல் ஆயா போனதும் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தந்தியைக் கரையான் தின்றது. போட்டோ எடுத்ததே இல்லை. கூட லாரி ஓட்டிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னதுதான் சின்ஸ்வேயா கதை. பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தார், விடிந்து பார்த்தபோது பள்ளமே இல்லை என்றாராம். அப்பா அதை ஆயாவுக்குச் சொல்லவில்லை. பஸ் ஹார்ன் கேட்டால் ஆயா எழுந்து வாசலுக்குப் போகும். நானே பார்த்திருக்கிறேன், எனக்கு அப்போது எட்டு வயசு.

பத்து வருஷத்துக்கு முன் என் மகன் கம்ப்யூட்டரில் அந்தக் கல்லறைக் கமிஷன் பட்டியலைத் தேடி எடுத்தான். ரங்கூனுக்கு வடக்கே தவுக்யானில் ஒரு நினைவு மண்டபம். உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயரைத் தூண் தூணாகப் பொறித்திருக்கிறார்கள், பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். அதில் பெரியப்பாவும் இருக்கிறார். தாத்தா பெயரில் ஒரு எழுத்துப் பிழை, ஊர் பெயரில் இரண்டு. கடைசியில் 'சிங்கிள்புட்' என்று இருந்ததால் கண்டுபிடித்தோம். அந்தக் கமிஷனும் யோக்கியமில்லை. முதல் உலகப் போரில் செத்த ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரையே விட்டுவிட்டோம் என்று 2021-ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். நம் கிராமங்கள் சிலவற்றில் அந்தப் போருக்கான சலவைக்கல் பலகை இன்னும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண் மட்டும். பெயர் கிடையாது. ஆடு மாடு கணக்கு மாதிரி.

பெரியப்பாவின் பெயர் அரை எழுத்துப் பிழையோடாவது தவுக்யானில் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ப் பார்க்க எனக்கு வயதும் இல்லை, அந்த நாட்டில் நிலவரமும் சரியில்லை.

சென்ற வருஷம் அந்த ஒன்றரை ஏக்கரைப் பாகம் பிரிக்கும் வேலை வந்தது. தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டா, மூன்று பிள்ளைகள் பெயரும் அப்படியே இருக்கிறது. மூத்தவர் பெயரை நீக்க இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள் ஓர் அலுவலகத்தில். ரங்கூன் மண்டபப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இது செல்லாது சார் என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கலாம், வழியெல்லாம் எனக்குத் தெரியும். மகனும் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறான்.

நான் இன்னும் போகவில்லை. எங்கள் ஊரில் அவர் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தப் பட்டாதான். முதல் பெயராகவே இருக்கிறது.